மழையில் காய்ந்த அப்பளம்

அந்த வருஷம் ஐப்பசி பிறந்த நாளிலிருந்து எங்கள் தெருவில் மழை விடவேயில்லை, ஆனாலும் அப்பளம் காய்ந்துகொண்டுதான் இருந்தது, ஏனென்றால் என் தங்கை அழகுநாச்சியின் இரண்டு கால்களிலிருந்தும் வெயில் அடித்தது.

வெயில் என்றுதான் சொல்ல வேண்டும். காய்ச்சல் சூடு தொட்டால்தான் தெரியும், இது நாலடி தள்ளி நின்றாலே முகத்தில் பட்டது. வெளிச்சம் கிடையாது, புகை கிடையாது, அவள் சேலை கருகவில்லை, கட்டில் பாய் பொசுங்கவில்லை. பங்குனி மாசம் பத்து மணிக்கு மொட்டை மாடியில் நின்றால் எப்படி இருக்குமோ அப்படி இருந்தது எங்கள் வீட்டு உள்ளறை, வெளியே சாக்கடை நிரம்பி வாசற்படியைத் தொட்டுக்கொண்டிருந்தபோது.

மதுரையில் ரயில் தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம் எங்கள் தெரு. முப்பது வீடு, முப்பதிலும் அப்பளம். காலையில் மாவுக்காரர் பூமிநாதன் லோடு ஆட்டோவில் உளுந்து மாவைக் கொண்டுவந்து வீட்டுக்கு வீடு இறக்குவார், நாங்கள் பிசைந்து, இடித்து, வட்டம் வட்டமாகத் தேய்த்து, தட்டில் பரப்பிக் காயப்போட்டு, சாயங்காலம் கட்டாகக் கட்டிக் கொடுப்போம். காய்வதில்தான் எல்லாம் இருக்கிறது. குறைவாகக் காய்ந்தால் பூசணம் பிடிக்கும், அதிகமாகக் காய்ந்தால் விரிசல் விடும், இரண்டையும் பூமிநாதன் திருப்பித் தள்ளிவிடுவார். மழைக்காலத்தில் எங்களுக்கு வேலை கிடையாது, வேலை கிடையாது என்றால் சோறும் பாதிதான், அதனால் எங்கள் தெருப் பெண்கள் மற்றவர்கள் மாதிரி மேகத்தைப் பார்த்துச் சந்தோஷப்பட்டதேயில்லை.

நாச்சிக்குப் பன்னிரண்டு வயதில் ஆரம்பித்தது. ஓடும்போது விழுந்தாள், பிறகு நடக்கும்போது விழுந்தாள், பிறகு சும்மா நிற்கும்போதே முழங்கால் மடங்கி உட்கார்ந்தாள். நான் எட்டாவதோடு நின்றவள், அப்பளம் தேய்க்க ஆள் வேண்டும் என்று அம்மா நிறுத்தினாள். அவள் ஏழாவதோடு நின்றாள், ஏனென்றால் எட்டாம் வகுப்பு மாடியில் இருந்தது. தசை கொஞ்சம் கொஞ்சமாக அழிகிற நோய், பிறவியிலேயே ரத்தத்தில் வந்தது, சொந்தத்துக்குள்ளேயே கட்டிக்கொள்கிற குடும்பத்தில் அதிகமாக வரும் என்று பெரிய டாக்டர் சொன்னார். எங்கள் அம்மா தன் சொந்தத் தாய்மாமனைக் கட்டியவள். அவள் தலையில் அடித்துக்கொண்டு வெளியே வந்து, டாக்டர் என்ன சொன்னார் என்று கேட்டவர்களிடம், சத்துக் குறைவு என்று சொல்லிவிட்டாள்.

தரையிலிருந்து எழுந்திருப்பது நமக்கெல்லாம் ஒரு வேலையே இல்லை. நாச்சி முதலில் குப்புறப் புரண்டு, நாலு காலில் நின்று, பின்பக்கத்தைத் தூக்கி, கையைக் கணுக்காலில் ஊன்றி, பிறகு முழங்காலில், பிறகு தொடையில் என்று தன் உடம்பின் மேலேயே தான் ஏறி எழுந்திருப்பாள். அப்படி எழுந்து நின்றதும் ஒரு மரத்தின் உச்சிக்கு ஏறியவளைப் போல மூச்சு வாங்குவாள். கை தோளுக்கு மேலே போகாது, அதனால் தலை வாருவதற்கு மேஜை மேல் தலையைக் கவிழ்த்துக்கொண்டு சீப்பைத் தேடிப் பிடிப்பாள். இவ்வளவும் கண்ணுக்குத் தெரிந்தது. கண்ணுக்குத் தெரியாதது வலி. இருக்கிற கொஞ்சத் தசையும் இல்லாத தசையின் வேலையைச் சேர்த்துப் பார்ப்பதால் கெண்டைக்காலும் இடுப்பும் முதுகும் விடாமல் வலிக்கும். "ஈரத் துணியப் பிழியிறாய்ங்கல்ல, அந்த மாதிரி உள்ள இருந்து பிழியுதுக்கா" என்பாள். இருபத்தேழு வருஷமாகப் பிழிந்தது.

இருபத்தேழு வருஷமாகத் தெரு நம்பவில்லை. "நல்லா வாய் பேசுறா, சோறு திங்கிறா, வேலைன்னா மட்டும் வலிக்குதாம்" என்று எதிர்வீட்டு ஒச்சம்மா குழாயடியில் சொல்வாள், மற்றவர்கள் குடத்தை நகர்த்திக்கொண்டே சிரிப்பார்கள்.

எங்களை நம்பாதது தெரு மட்டுமில்லை. ஒரு முறை ஊனமுற்றோர் முகாமுக்குப் போனோம். சான்றிதழ் கிடைத்தால் மாதாமாதம் உதவித்தொகை வரும், சக்கர நாற்காலி வரும். முந்தின நாளே அவளுடைய அரக்குப் பட்டுச் சேலையை எடுத்து மடிப்புக் கலையாமல் வைத்தேன். பூ வாங்கினேன். பெரிய மனுஷங்க முன்னால் கோணிக்கொண்டு நிற்கக் கூடாது, சுவரைப் பிடிக்காதே, வணக்கம் சொல்லு, கேட்டதற்குச் சிரித்த முகமாகப் பதில் சொல்லு என்று நான்தான் படித்துப் படித்துச் சொன்னேன். அவளும் பல்லைக் கடித்துக்கொண்டு மூன்று படி ஏறினாள், கும்பிட்டாள், அந்தக் கும்பிடுக்காகக் கையை மார்பு வரை எப்படித் தூக்கினாள் என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது. வலிக்குதாம்மா என்று டாக்டர் கேட்டார். "பரவாயில்லங்க சார்" என்றாள். எங்கள் வீடுகளில் பெரியவர்கள் கேட்டால் அப்படித்தான் சொல்வோம். முப்பத்தெட்டு சதவீதம் போட்டார். நாற்பது இருந்தால்தான் உதவி. வீட்டுக்கு வந்து நான்கு நாள் அவள் எழுந்திருக்கவில்லை, அந்த நான்கு நாளுக்குச் சதவீதம் போட யாரும் வரவில்லை.

அப்புறம்தான் அந்த ஐப்பசி வந்தது.

மூன்றாம் நாள் மழையில் தெருவே ஈரத் தட்டுகளை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது. இடமில்லாமல் நான் ஒரு தட்டை நாச்சி கால்மாட்டில் வைத்திருந்தேன். மத்தியானம் எடுத்துப் பார்த்தால் ஓரம் விறைத்து, நடு இலேசாக வளைந்து, தட்டினால் கணீரென்று, சித்திரை மாசத்து அப்பளம் மாதிரி இருந்தது. இன்னொரு தட்டு வைத்தேன். அதுவும் காய்ந்தது. மூன்றாவது தட்டை ஒச்சம்மா கொண்டுவந்து வைத்தாள், ஏன் என்று அவளும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. சாயங்காலம் பதினோரு வீட்டுத் தட்டு உள்ளறையில் இருந்தது.

ஒரு வாரத்தில் தெரு அதற்குப் பழகிவிட்டது. முறை போட்டுக்கொண்டார்கள். கிழக்கு வரிசை காலையில், மேற்கு வரிசை மத்தியானம். அப்பளம் எடுத்த இடைவெளியில் பள்ளிக்கூடச் சட்டைகளை உலர்த்தினார்கள், சளி பிடித்த குழந்தைகளைக் கொண்டுவந்து அவள் காலருகில் படுக்கப்போட்டார்கள், இட்லி மாவு புளிக்கவில்லை என்று குண்டானைக் கொண்டுவந்து வைத்தார்கள். சான்றிதழ் கொடுக்கிற ஆபீசிலிருந்துகூட ஒருவர் வந்தார். கையை நீட்டிக் குளிர் காய்ந்தார், வலி எவ்வளவோ அவ்வளவு சூடு என்று நாங்கள் சொன்னதைத் தலையாட்டிக் கேட்டார், ஃபாரத்தில் சூட்டுக்குக் கட்டம் இல்லையேம்மா என்று வருத்தப்பட்டு, இரண்டு கட்டு அப்பளம் வாங்கிக்கொண்டு போனார்.

வலியை நம்பாத தெரு வெயிலை நம்பியது. அதைத்தான் என்னால் இன்னும் ஜீரணிக்க முடியவில்லை. குழாயடியில் சிரித்த அதே வாய்கள், "நம்ம நாச்சிக்கு இன்னைக்கு எப்பிடி இருக்கு?" என்று கேட்டுக்கொண்டு வந்தன. முட்டை வந்தது, பால் வந்தது, தலைக்குப் பூ வந்தது. நாச்சியும் முதலில் சந்தோஷமாகத்தான் இருந்தாள். "ஊருக்கே கரண்டு கம்பெனி நாந்தான்க்கா, பில்லு அனுப்புவமா?" என்று சிரித்தாள். அம்மாவும் அப்பாவும் போன பிறகு நாங்கள் இரண்டு பேர்தான், வீட்டில் இத்தனை பேர் பேச்சுக்குரல் கேட்டு எத்தனையோ வருஷமாகியிருந்தது.

பிறகு பூமிநாதன் வெல்டரைக் கூட்டிவந்தார். நாச்சியின் கட்டிலைச் சுற்றி மூன்று பக்கமும் கூரை வரைக்கும் இரும்புச் சட்டம் அடித்தார்கள், நாலாவது பக்கத்துக்கு மடக்குகிற கதவு மாதிரி ஒரு சட்டம். மொத்தம் நாற்பத்தெட்டுத் தட்டு. உள்ளே அவள். "சூடு வீணாப் போகக் கூடாதுல்ல" என்று பூமிநாதன் சொன்னபோது தெரு அவருடைய மூளையை மெச்சியது, நானும் மெச்சினேன். அவளை வெளியே எடுக்க வேண்டுமென்றால் நாலாவது பக்கத்துப் பன்னிரண்டு தட்டையும் ஒவ்வொன்றாக இறக்க வேண்டும். ஒன்றுக்குப் போக வேண்டும் என்று அவள் சொன்னால் முதலில் ஓடி வந்து இறக்கினோம். பிறகு, இந்தா இதோ ஒரு ஈடு காய்ந்துவிடட்டும் என்றோம். பிறகு அவளே கேட்பதைக் குறைத்துக்கொண்டாள். தண்ணீர் குடிப்பதைக் குறைத்தாள். நான் அதைப் பார்த்தேன். பார்த்துவிட்டு மாவு பிசையப் போனேன்.

சூட்டின் கணக்கும் எங்களுக்குப் பிடிபட்டுவிட்டது. ராத்திரி நன்றாகத் தூங்கினால் காலையில் சூடு குறைவாக இருந்தது. எழுந்து நடந்தால் கூடியது. அதனால் மழை வலுத்த நாட்களில், "ஏத்தா நாச்சி, அடுப்படி வரைக்கும் ரெண்டு நடை போயிட்டு வாயேன், உடம்புக்கும் நல்லதுதானே" என்று ஒச்சம்மா கொஞ்சினாள். அதுவும் போதாத ஒரு நாள், தரையில் உட்கார்ந்து எழுந்திரு என்றார்கள். அவள் புரண்டு, நாலு காலில் நின்று, தன் மேல் தானே ஏறி எழுந்தாள். இன்னொரு தடவை என்றார்கள். எழுந்தாள். அன்றைக்குச் சூடு எக்கச்சக்கமாகி மேல்தட்டு அப்பளமெல்லாம் விரிசல் விட்டுவிட்டது. "அளவா வலிக்க மாட்டாளே இவ" என்று ஒச்சம்மா அலுத்துக்கொண்டாள். சத்தியமாகச் சொன்னாள் அப்படி. ஒருத்தியும் திடுக்கிடவில்லை.

கார்த்திகை முதல் வாரம், தசை வலிக்கு வைத்தியம் பார்க்கிற ஒரு டாக்டரம்மா எங்கள் பகுதிக்கு வந்தாள். சின்னப் பெண், கணுக்கால் வரை சகதி. இரும்புச் சட்டத்துக்கு உள்ளே குனிந்து போய் நாச்சியின் பாதத்தை மடியில் வைத்துக்கொண்டு ஒரு மணி நேரம் பார்த்தாள். இந்த நோயைத் தீர்க்க மருந்து இல்லை, ஆனால் வலியைக் குறைக்க இருக்கிறது என்றாள். மாத்திரை எழுதிக் கொடுத்தாள். பாதத்தை எப்படிப் பிடித்து மேலே அழுத்த வேண்டும், முப்பது எண்ணும் வரை எப்படி நிறுத்த வேண்டும், இடுப்புக்குக் கீழே எந்த இடத்தில் தலையணை வைக்க வேண்டும் என்று எனக்குக் காட்டிக் கொடுத்தாள்.

"இத்தனை வருஷம் ஏம்மா சும்மா இருந்தீங்க?"

"தாங்கிக்கத்தான் வேணும்னு நெனச்சோம்."

"யார் சொன்னா?"

நான் நாச்சியின் இடுப்புக்குக் கீழே தலையணையைச் சரியாக வைத்தேன்.

நாச்சி இரண்டு நாள் மாத்திரை போட்டாள். இரண்டாம் நாள் ராத்திரி முழுக்கத் தூங்கினாள். காலையில் முப்பத்தாறு தட்டில் பூசணம்.

மத்தியானம் தெரு எங்கள் வீட்டில் கூடியது. பூமிநாதன் நாற்காலியில், பெண்கள் தரையில், நாச்சி சட்டத்துக்குள்ளே. யாரும் சத்தம் போடவில்லை, அன்பாகத்தான் பேசினார்கள்.

"நாங்க மாத்திரையே வேணாம்னா சொல்றோம்?" என்றாள் ஒச்சம்மா. "மார்கழி பொறக்கட்டும், வெயில் வந்துரும். அப்புறம் டப்பா டப்பாவா முழுங்கட்டும்."

"ஒச்சம்மாக்கா, போன வருஷம் ஒனக்குப் பல்லு வலிச்சுச்சே, மார்கழி வரைக்குமா காத்திருந்த?" என்றாள் நாச்சி.

"பல்லு வேற, இது வேற."

"ஆமா. பல்லு ஒன்னுது."

இரண்டு பேர் சிரித்துவிட்டார்கள், பூமிநாதன் தொண்டையைச் செருமியதும் நிறுத்திக்கொண்டார்கள். "முப்பது வீட்டு அடுப்பும்மா. ஒரு ஆளுக்காக அணைக்கலாமா? நீங்களே சொல்லுங்க" என்றார் அவர். அடுப்பு பொய்யில்லை. ஒச்சம்மா வீட்டில் மூன்று பிள்ளைகள், அந்த மாசம்தான் அதுகள் மழைக்காலத்தில் முதல் தடவையாக மூன்று வேளை சாப்பிட்டன. 

நாச்சி என்னைப் பார்த்தாள். "நீ சொல்லுக்கா."

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். நான் தட்டுகளைப் பார்த்தேன்.

"ஒரு மாசந்தானேடி" என்றேன்.

அவள் தலையணைக்குக் கீழே கையை மெதுவாக நகர்த்தி மாத்திரை அட்டையை எடுத்து, சட்டத்தின் இடைவெளி வழியாக நீட்டினாள். "இந்தா, நீயே வச்சுக்க. எங்கிட்ட இருந்தா முழுங்கிருவேன்" என்றாள்.

வாங்கிக்கொண்டேன். இந்தக் கையால்தான் வாங்கினேன்.

அதற்குப் பிறகு பதினொரு நாள் எங்கள் உள்ளறையில் நல்ல வெயில் அடித்தது. ஒரு தட்டு கெடவில்லை, ஒரு அப்பளம் விரிசல் விடவில்லை. பன்னிரண்டாம் நாள் வெள்ளிக்கிழமை. தகரக் கூரையில் மழை உலக்கை போட்டு இடித்தது. நான் பின்கட்டில் மாவு பிசைந்துகொண்டிருந்தேன், முன்னறையில் ஐந்தாறு பெண்கள் அப்பளம் தேய்த்துக்கொண்டே யாரோ வீட்டு மருமகளைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள். நாச்சி கூப்பிட்டிருக்கிறாள். மூன்று முறை கூப்பிட்டாளாம். நெஞ்சுத் தசையும் தளர்ந்து போனவளுக்குக் குரல் எவ்வளவு தூரம் போகும்? சட்டத்தைத் தட்டியிருக்கிறாள், மழைச் சத்தம் என்று நினைத்திருக்கிறார்கள்.

வாடை வந்த பிறகுதான் ஒச்சம்மா எழுந்து உள்ளே போனாள். ஒவ்வொரு தட்டாக இழுத்து மூக்கருகில் வைத்துப் பார்த்தாள். நான் மாவுக் கையோடு வந்து நின்றேன்.

"எந்தத் தட்டுடி ஊசிப்போச்சு?" என்றாள் ஒச்சம்மா.

"தட்டு இல்லக்கா" என்றது உள்ளேயிருந்து என் தங்கையின் குரல். "நாந்தான்."

அவள் சேலை காய்ந்திருந்தது. அவள் சூட்டிலேயே அதுவும் காய்ந்துவிட்டது, விரிப்பில் மஞ்சளாக ஒரு வட்டம் மட்டும் இருந்தது. முப்பத்தொன்பது வயது. அவள் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பப் பார்த்தாள், கழுத்து பாதிதான் திரும்பியது. ஒச்சம்மா குனிந்து கீழ்த்தட்டை வெளியே இழுத்து, வெளிச்சத்தில் சாய்த்து, "அப்பளத்துல பட்டுச்சா?" என்று கேட்டாள்.

நான் முதல் தட்டை எடுத்து வாசல் வழியாக மழையில் வீசினேன்.

இரண்டாவதை வீசினேன். மூன்றாவதை வீசினேன். "பைத்தியம் புடிச்சிருச்சா இவளுக்கு" என்று யாரோ என் முழங்கையைப் பிடித்தார்கள், உதறினேன். என் வீட்டு அப்பளம், ஒச்சம்மா வீட்டு அப்பளம், நல்லது கெட்டது, காய்ந்தது காயாதது, நாற்பத்தெட்டுத் தட்டையும் வீசினேன். வட்டம் வட்டமாகச் சாக்கடைத் தண்ணீரில் மிதந்து போயின. வாயில் என்னென்ன வந்ததோ எல்லாம் சொன்னேன். இருபத்தேழு வருஷம் நடிக்கிறா என்றீர்களே, அப்போது எங்கேயடி போனது இந்த அக்கறை என்றேன், அளவாக வலிக்க வேண்டுமா, உங்கள் காலில் ஒரு நாள் வலிக்கட்டும், அளந்து பாருங்கள் என்றேன். அரக்குப் பட்டு கட்டிவிட்டு அவளைப் படியேற்றியவளையும், ஒரு மாசந்தானே என்றவளையும் திட்டினேன். தெருவைவிட என்னைத்தான் அதிகமாகத் திட்டினேன். பெண்கள் தெருவில் இறங்கி முழங்கால் தண்ணீரில் தட்டுகளைத் துரத்திக்கொண்டு ஓடினார்கள்.

பிறகு வெந்நீர் வைத்தேன். அவளைத் தூக்கி உட்காரவைத்துக் கழுவிவிட்டேன், வேறு சேலை கட்டினேன். அரிசிப் பானைக்குள் ஒளித்து வைத்திருந்த மாத்திரை அட்டையை எடுத்து, ஒரு சொம்பு நிறையத் தண்ணீரோடு கொடுத்தேன். அவள் மாத்திரையை வாயில் போடாமல் கையில் வைத்துக்கொண்டு என்னையே பார்த்தாள்.

"நாளைக்குச் சோத்துக்கு?"

"தெரியலடி. முழுங்கு."

சொம்பை முழுசாகக் குடித்துவிட்டுத்தான் கீழே வைத்தாள்.

சனிக்கிழமை பாதத்தைப் பிடித்து முப்பது எண்ணினேன். ஞாயிற்றுக்கிழமை எண்ணினேன். பூமிநாதன் குடையோடு வந்து வாசலில் நின்று, இனி இந்த வீட்டுக்கு மாவு இறங்காது என்று சொல்லிவிட்டுப் போனார். போகும்போது சட்டத்தைக் கழற்றிக் கொண்டுபோக ஆள் அனுப்புவதாகச் சொன்னார். அதற்குள் நானே கழற்றி வாசலில் போட்டிருந்தேன். வலி போய்விட்டது என்று சொல்ல மாட்டேன், டாக்டரம்மாவும் அப்படிச் சொல்லவில்லை. இறங்கியது. இறங்க இறங்க உள்ளறைச் சுவரில் ஈரம் ஏறியது, கொடியில் போட்ட சேலை காயாமல் தொங்கியது, மற்ற வீடுகளில் எப்படி இருக்குமோ அப்படி ஆனது எங்கள் வீடும்.

திங்கட்கிழமை மத்தியானம் ஒச்சம்மா வந்தாள். தலையில் சாக்கைக் கவிழ்த்துக்கொண்டு, நனையாமல் சேலைக்குள் மூடிய ஒரு தட்டோடு. கண் வீங்கியிருந்தது. சண்டைக்கு வரவில்லை.

"ஒரே ஒரு தட்டுத்தான் பஞ்சவர்ணம். உள்ள கூட வேணாம். இந்த நெலைக்கிட்ட வச்சிட்டுப் போறேன். மிச்சம் மீதி சூடு ஏதாச்சும் இருக்கும்ல" என்று சொல்லிக்கொண்டே, பாதி உள்ளேயும் பாதி வெளியேயுமாகத் தட்டை நிலைவாசலில் வைத்தாள்.

நான் அந்தத் தட்டைப் பார்த்தேன். நல்ல தேய்ப்பு. பசித்த வீட்டு அப்பளம்.

"அக்கா" என்றாள் உள்ளேயிருந்து நாச்சி.

"என்னடி?"

"குளுருதுக்கா."

எனக்குச் சரியாகக் கேட்கவில்லை என்று நினைத்து, என்ன என்று மறுபடி கேட்டேன்.

"குளுருதுங்கிறேன்ல. சாரல் உள்ள அடிக்குது பாரு, கதவச் சாத்தேன்" என்றாள், சிடுசிடுப்பாக, மழைக்காலத்தில் எந்த வீட்டிலும் எந்தப் பொம்பளையும் சொல்வதைப் போல.

"கேட்டியா ஒச்சம்மா?" என்றேன். "அவளுக்குக் குளுருதாம். தட்டை எடு."

ஒச்சம்மா எடுக்கவில்லை. நான் குனிந்து, ஒரு அப்பளமும் சிந்தாமல் தட்டை அவள் பக்கம் தள்ளி வைத்துவிட்டு, கதவைச் சாத்தினேன்.